காளி ஏன் தோற்றாள்?
பள்ளிக்கூடம், இசை, நடனம், மதிப்பீடு: சில குறிப்புகள்

1

கனகம்மாசத்திரத்தில் பஸ் மாறித் திருவாலங்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சாமி பார்க்கப் போகிறவர்கள். எனக்கு அந்தக் கோயில் வேறொரு காரணத்துக்காக முக்கியம். எங்கள் பக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் முதல் நடனப் பரீட்சை அங்கேதான் நடந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காடு காளியுடையது. சிவன் வருகிறார். இருவருக்கும் ஆட்டப் போட்டி. அவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடுகிறாள். முடிகிற வழியாக இல்லை. கடைசியில் அவர் காதிலிருந்த குழை கீழே விழுகிறது. அதைக் கால்விரலால் எடுத்து, காலைத் தலைக்குமேல் தூக்கி, ஆட்டம் குலையாமல் காதில் மாட்டிக்கொள்கிறார். ஊர்த்துவ தாண்டவம். காளி நாணித் தலை கவிழ்கிறாள். தோற்றதாக அறிவிக்கப்படுகிறாள். இடம் ரத்தின சபை ஆகிறது. ஐந்து சபைகளில் ஒன்று.

இந்தக் கதையைப் பக்தியை ஒதுக்கிவிட்டு ஒரு மதிப்பீட்டு அறிக்கையாக வாசித்துப் பாருங்கள். காளிக்குக் கால் தூக்கத் தெரியாது என்று கதை எங்கேயும் சொல்லவில்லை. அவள் தூக்கவில்லை, அவ்வளவுதான். ஆணுக்குச் சாதனையாகிற ஓர் அசைவு பெண்ணுக்கு அவமானமாகிற ஓர் உலகத்தில், அந்த அசைவையே கடைசிக் கேள்வியாக வைத்தாயிற்று. கேள்வித்தாள் தயாரித்தவர், பரீட்சை எழுதியவர், திருத்தியவர் மூவரும் ஒருவரே. நடனத்தை அளப்பதாகத் தொடங்கிய போட்டி நாணத்தை அளந்து முடிகிறது. அளந்தது ஒன்று, அறிவித்தது இன்னொன்று.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இசை அறிவையும் நடன அறிவையும் அளப்பது பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் முன்னால் வந்து நிற்கிறது. 'அளக்கலாமா, கூடாதா' என்ற வழக்கமான விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. எதை அளக்கிறோம், எதை அளந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம், இரண்டுக்கும் நடுவில் யார் தலை கவிழ்கிறார்கள் என்பதே கேள்வி.

2

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நடந்த கலைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எந்தப் பள்ளி, யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம். நடுவர்கள் மூன்று பேர். கர்நாடக சங்கீதம் கற்ற, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். டவுனில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் அம்மா ஒருவர். பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியில் நான்.

கையில் ஒரு மதிப்பெண் தாள் கொடுத்தார்கள். சுருதி சுத்தம் 5, தாளம் 5, உச்சரிப்பு 5, உடை ஒப்பனை 5, மேடைப் பாங்கு 5. பாட்டு, கருவி, நடனம் மூன்றுக்கும் ஒரே தாள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம்.

முதலில் ஒரு பெண் வந்து தெலுங்குக் கீர்த்தனை ஒன்று பாடினாள். நன்றாகவே பாடினாள். அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதற்கு மதிப்பெண் தாளில் இடமில்லை. உச்சரிப்புக்கு ஐந்துக்கு நாலரை கிடைத்தது. அடுத்து வந்த சின்னப் பெண் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. திருத்தணி வட்டாரமே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான். அந்தப் பெண் தன் பாட்டி பாடும் தெலுங்குத் தாலாட்டு ஒன்றை எடுத்தாள். இரண்டாவது வரியிலேயே நிறுத்தி, 'தமிழ்ப் பாட்டு பாடும்மா' என்றார்கள். இருபது நிமிஷத்துக்குள் அதே மேடையில் ஒரே மொழி, முதலில் சாஸ்திரீயம், அப்புறம் விதிமீறல். யாருக்கும் உறுத்தவில்லை. எனக்குமே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் கருவி இசை. ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் வாசிக்கவில்லை. கயிற்றை இழுத்து, தட்டிப் பார்த்து, மறுபடி இழுத்து, மறுபடி தட்டி, ஒரு நிமிஷத்துக்கு மேல் அதிலேயே போய்விட்டது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தான். அம்மனை அழைக்கிற அடி. மெதுவாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டே போனது. பின்னால் நின்றுகொண்டிருந்த சத்துணவு ஆயா கண்ணை மூடி லேசாக ஆடத் தொடங்கினார். கொண்டை அவிழ்ந்தது. 'போதும் தம்பி, போதும், நிறுத்து நிறுத்து' என்று எழுந்துவிட்டார் தலைமையாசிரியர்.

மற்ற இருவரும் கொடுத்த மதிப்பெண்ணைப் பார்த்தேன். சுருதி சுத்தத்துக்கு ஒன்று. மேடைப் பாங்குக்கு ஒன்று. 'ரெடி பண்றதுக்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கிட்டான், சார்' என்றார் பெரியவர். அந்த ஒரு நிமிஷம்தான் சுருதி சேர்த்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை. தம்புராவைச் சேர்க்க ஐந்து நிமிஷம் ஆனால் அதற்குப் பெயர் நாதம். பம்பையைச் சேர்க்க ஒரு நிமிஷம் ஆனால் அதற்குப் பெயர் தாமதம். ஒரு மனித உடலை அசைத்து, கொண்டையை அவிழ்த்துவிட்ட வாசிப்புக்குத் தாளில் கட்டமே இல்லை.

நான் இருபத்தைந்துக்கு இருபத்துநாலு போட்டேன். தாளின் ஓரத்தில் என் மறுப்பையும் எழுதி வைத்தேன். சராசரி எடுத்தபோது பையன் வெளியே போய்விட்டான். நான் ஒரு கலகம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். அந்தத் திருப்தி எவ்வளவு மலிவானது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

3

மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த சிறையின் வரலாறு பற்றிய நூலில் பரீட்சையைப் பற்றிச் சொல்வது நம் நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். கண்காணிப்பும், இது சரி இது பிறழ்வு என்று தீர்ப்பளிப்பதும் சந்திக்கிற இடம் பரீட்சை. அங்கே மனிதர் ஒரு 'கேஸ்' ஆகிறார், எழுதி வைக்கப்படுகிறார், மற்றவர்களோடு ஒப்பிட்டு வரிசையில் நிறுத்தப்படுகிறார். அறிவை வெளியே எடுத்துப் பார்க்கிற கருவி போலத் தெரிகிற பரீட்சை, எது அறிவு என்பதையே தயாரித்துக்கொண்டிருக்கிறது.

இசைக்கு இது எப்படி நடந்தது? அமெரிக்காவில் கார்ல் சீஷோர் என்ற உளவியலாளர் 1919இல் கிராமபோன் தட்டுகளைக் கொண்டு இசைத் திறனை அளக்கும் சோதனைகளை வெளியிட்டார். இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டி, இரண்டாவது உயர்ந்ததா தாழ்ந்ததா, நீண்டதா குறுகியதா என்று கேட்பது. அளக்கப்பட்டது காதின் கூர்மை. கொடுக்கப்பட்ட பெயர் இசைத் திறன். பாட்டு என்ற ஒன்றே இல்லாத சோதனையில் பாட்டுக்கான தகுதி தீர்மானமாயிற்று.

நம் ஊரில் கதை வேறு மாதிரி. 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை ஒரு பாடமானது. பாடமாக்க வேண்டுமென்றால் பாடத்திட்டம் வேண்டும், பாடநூல் வேண்டும், கேள்வித்தாள் வேண்டும். பி. சாம்பமூர்த்தி எழுதிய நூல்கள் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதைக் கேள்வியாக எழுத முடியுமோ அதுவே அறிவின் முன்வரிசைக்கு வந்தது. மேளகர்த்தா 72. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். இந்த ராகத்தின் ஆரோகணம் என்ன, அவரோகணம் என்ன. இதெல்லாம் வேண்டாத அறிவல்ல. ஆனால் ஒரு நாகஸ்வரக்காரர் ராத்திரி முழுக்கக் கோயில் வீதியில் ஒரு ராகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது கேள்வித்தாளுக்குள் வரவில்லை. வர முடியாது.

நடனத்தில் இது இன்னும் கூர்மையாக நடந்தது. 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்குகிறது. 1947இல் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வருகிறது. சட்டம் தேவையானதே. அந்தச் சட்டத்துக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. நான் கவனப்படுத்துவது வேறொன்றை. தலைமுறை தலைமுறையாக ஆடத் தெரிந்தவர்களின் உடல் சந்தேகத்துக்குரிய உடலாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆட்டம் சான்றிதழுக்குரிய பாடமாகிக்கொண்டிருந்தது. தெரிந்தவர்களிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் பெற்றவர்கள் தெரிந்தவர்களானார்கள். இன்றைக்கு ஒரு பள்ளி மாணவி சலங்கை கட்டி மேடை ஏறும்போது 'பாவம்' என்ற கட்டத்தில் நாம் போடுகிற மதிப்பெண்ணுக்குள் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது.

இதோடு பியர் பூர்தியுவும் பாஸ்ரோனும் 1970இல் சொன்னதைச் சேர்த்துக்கொள்ளலாம்: பள்ளி தான் கற்றுத்தராததைக் கேட்கிறது, வீட்டிலிருந்து கொண்டு வந்தவர்கள் பதில் சொல்கிறார்கள், அதற்குத் திறமை என்று பெயர். எங்கள் மதிப்பெண் தாளைப் பாருங்கள். சுருதி சுத்தத்தை அந்தப் பள்ளி யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு ஆசிரியரே கிடையாது. மாதம் பணம் கட்டி டவுனில் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணும், கோயில் கொடையில் அப்பனோடு நின்று கற்றுக்கொண்ட ஒரு பையனும் வந்தார்கள். பள்ளி செய்ததெல்லாம் அந்த இரண்டு வீடுகளுக்கு மார்க் போட்டது மட்டுமே.

4

'சரி, நாட்டார் கலைகளையும் பாடத்தில் சேர்த்துவிட்டால் போயிற்று' என்று தோழர்கள் சொல்லக்கூடும். நானும் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலங்கையைப் பாருங்கள். நம்மைவிட அங்கே நிலைமை மேல் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அழகியல் பாடம் அங்கே ஒப்புக்கு இருப்பதல்ல. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் இவற்றில் ஒன்றை ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறார்கள். சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கே எடுக்கலாம். எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். சங்கீதம் என்றால் கீழைத்தேயம், கர்நாடகம், மேற்கத்தியம். நடனம் என்றால் சுதேசம், பரதம். கண்டி நடனம் சுதேசம். தமிழ்ப் பிள்ளைக்கு உரியது பரதம். அப்படியானால் மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் எந்த தேசம்? பறைமேளக் கூத்து எந்தக் கட்டத்தில்? சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை மேடைக்குக் கொண்டுவந்து, அதற்குப் பல்கலைக்கழக மரியாதையைப் பெற்றுத் தந்தார். இருந்தும் கூத்தின் ஆட்டமுறை ஒரு பிள்ளையின் நடனப் பாடமாகத் தன் சொந்தப் பெயரில் நிற்கவில்லை. உள்ளே ஓர் அலகு தருவது வேறு, பாடத்தின் பெயராக இருப்பது வேறு. பேரினவாதம் எது சுதேசம் என்று முடிவு செய்கிறது. நம்முடைய மேல்சாதி ரசனை எது தமிழ் என்று முடிவு செய்கிறது. நடனப் பரீட்சை இந்த இரண்டு அதிகாரங்களும் கையெழுத்திடுகிற காகிதமாகிறது.

கேரளத்தில் 1957இலிருந்து பள்ளிக் கலோத்ஸவம் நடக்கிறது. அதன் வரலாறு முழுக்கவே மதிப்பெண்ணோடு நடந்த சண்டைதான். கலாதிலகம், கலாபிரதிபா என்று தனிநபர் பட்டங்கள் வந்தன. பெற்றோர்களின் போட்டியும் அப்பீல்களும் பெருகின. பட்டங்கள் கைவிடப்பட்டுத் தர எழுத்துகள் வந்தன. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் மங்கலங்களி, இருள நிருத்தம், பணிய நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலய ஆட்டம் என ஐந்து பழங்குடி ஆட்டங்கள் போட்டியில் முதன்முறையாகச் சேர்ந்தன. நல்ல காரியம். ஆனால் ஒரு குடியின் கல்யாணத்திலும் சாவிலும் நேரம் பார்க்காமல் நிகழ்கிற ஓர் ஆட்டத்துக்கு நிமிஷக் கணக்கும், ஆள் கணக்கும், ஏ கிரேடும் வரும்போது எது ஆட்டம் என்பதற்கு ஒரு புதிய இலக்கணம் எழுதப்படுகிறது. அந்தக் குடியில் பிறக்காத பிள்ளைகள் அதைப் பயின்று பரிசு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; அப்படித்தான் கலை சாதியை விட்டு வெளியேறும். அந்தக் குடியின் பிள்ளை தன் ஆட்டத்திலேயே பி கிரேடு வாங்கித் திரும்புகிற நாளை நினைத்துப் பார்க்கிறேன்.

நம் தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா நடத்தப்படுகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிகள். கலையரசன், கலையரசி என்று விருதுகள். கிராமிய நடனம், தோற்கருவி என்றெல்லாம் பிரிவுகள் உண்டு. தனியார் சபா மேடை ஒருபோதும் கூப்பிடாத பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் கேரளம் அறுபது வருஷத்தில் கற்றுக்கொண்டதை நாம் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. பட்டம் இருக்கிற இடத்தில் பயிற்சி பட்டத்தைச் சுற்றித்தான் நடக்கும். ஜெயிக்கிற நாலு பேரைத் தயார் செய்கிற பள்ளியில் மீதி நானூறு பேருக்கு இசை என்பது உட்கார்ந்து கைதட்டுவதாகவே இருக்கும்.

5

இனி அந்த பம்பைப் பையனிடம் திரும்ப வேண்டும்.

போட்டி முடிந்து, டீக்கடையில் அவனைப் பார்த்தேன். பம்பையைத் துணியால் மூடி சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். 'நீ பிரமாதமா வாசிச்சேப்பா, அவங்களுக்குப் புரியலை, நான் இருபத்துநாலு போட்டேன்' என்றேன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

'நான் பாட்டுக்குத்தான் சார் பேர் குடுத்தேன்.'

'அப்புறம்?'

'டீச்சருதான், உங்க அப்பா மேளம் அடிக்கறவருதானே, நீ மேளம் அடின்னாங்க. லிஸ்ட்ல மாத்திட்டாங்க.' கொஞ்ச நேரம் கழித்து, 'கிளாஸ்ல எல்லாருக்கும் இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு சார்' என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. பெரியவர் அவனுடைய மேளத்தைச் சத்தம் என்று கேட்டார். நான் அதைக் கலகம் என்று கேட்டேன். டீச்சர் அதைக் குலத்தொழில் என்று கேட்டார். மூன்று பேரில் ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. பாடுவதற்கென்று அவன் வைத்திருந்த பாட்டு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலித் பண்பாட்டு விவாதங்களில் பறையைப் பற்றி நடந்த சண்டைகள் நினைவிருக்கும். பறை விடுதலையின் குரல் என்று ஒரு தரப்பு. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைத் தூக்கிப் போட்ட ஊர்களின் தரப்பு இன்னொன்று. இரண்டுமே அரசியல். இரண்டையும் தீர்மானிக்கிற உரிமை அதை அடித்தவர்களுக்கு உரியது. பள்ளி மதிப்பீடு என்ன செய்கிறது? 'உன் கலை' என்று ஒன்றை அவன் தலையில் கட்டி, அதில் அவனுக்கு மார்க்கும் போடுகிறது. குறைத்துப் போட்டால் இழிவு, கூட்டிப் போட்டால் முத்திரை. என் இருபத்துநாலு மதிப்பெண் அவனுடைய சாதிச் சான்றிதழில் போட்ட இன்னொரு கையெழுத்து. காளியைத் தோற்கடித்தவர்களில் அவளுடைய ஆட்டத்தை ரசித்தவர்களும் இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

6

அப்படியானால் மதிப்பீடே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் நிர்வாகம் சம்பந்தப்பட்டது. நம் பள்ளிகளில் எது பரீட்சைக்கு வரவில்லையோ அது நேர அட்டவணையில் மட்டும் இருக்கும். பாட்டு பீரியடில் கணக்கு நடக்கும். 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், தோட்டக்கலை என்ற பட்டியலில் இசையும் ஒன்று. வாரத்தில் மூன்று அரைநாள் வந்து போகிறவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் வீதியில் நின்றார்கள். அதே 2012-13இல்தான் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. கலைச் செயல்பாடுகளுக்கும் தர எழுத்து போட வேண்டும் என்றானது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மார்க் போடப் படிவம் உண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு மேலிருந்து கீழாக வரிசையாக 'ஏ' போட்டு நிரப்பிய பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். தெரியாததை அளக்கச் சொன்னால் வேறென்ன செய்வார்கள்?

இரண்டாவது காரணம் கலை சம்பந்தப்பட்டது. கூத்திலும் மேளத்திலும் மதிப்பீடு இல்லை என்று நினைப்பது நம் படிப்பாளிகளின் கற்பனை. அங்கே இருக்கிற மதிப்பீடு நம்முடையதைவிடக் கடுமையானது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கி 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அங்கே தங்கிப் பள்ளிப் படிப்பும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள். 'உன் சாதிக் கலை, நீ ஆடு' என்ற நியாயத்தை அந்த ஒரு காரியமே உடைத்தது. கூத்தில் ஒரு பிள்ளையின் பரீட்சை திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருகிற அந்த நிமிஷத்தில் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. கூடப் பாடுகிறவர் பின்பாட்டில் தாங்குகிறார். மேளக்காரர் தப்பிய அடியை மூடிக் கொடுக்கிறார். கட்டியங்காரன் மறந்த வசனத்தைக் கேலியாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறான். ஜனங்கள் தூங்கிவிட்டால் தோல்வி. ஆனால் அது அந்தப் பிள்ளையின் தனித் தோல்வி ஆகாது, ஜமாவின் தோல்வி. அடுத்த வாரம் அடுத்த ஊரில் மறுபடி ஆடலாம். கூத்தில் சாதி இல்லை என்று நான் சொல்லவரவில்லை, நிறையவே உண்டு. மதிப்பிடுகிறவரும் அதே இரவில் மதிப்பிடப்படுகிறார் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் உதவும். 1997இல் அங்கே தேசிய அளவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கலைக் கல்வியை மதிப்பிட்டார்கள். இசை, நாடகம், காட்சிக் கலை, நடனம் நான்குக்கும் கேள்விகள் தயாரித்தார்கள். கடைசியில் நடனத்தை மட்டும் நடத்தவில்லை. ஏன்? ஒழுங்காக நடனம் சொல்லித்தருகிற பள்ளிகள் மாதிரி எடுக்கும் அளவுக்குக் கிடைக்கவில்லை. அந்த மதிப்பீட்டில் தனிப் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. நாட்டின் கல்வி எப்படி இருக்கிறது என்பதே முடிவு. சொல்லிக்கொடுக்காததைப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்ற சாதாரண நியாயம் குறைந்தபட்சம் ஒருமுறை கடைப்பிடிக்கப்பட்டது. 2008இலும் 2016இலும் மறுபடி நடத்தியபோது இசையும் காட்சிக் கலையும் மட்டுமே மிஞ்சின. அவர்களுடைய நடனக் கல்வியைப் பற்றி அந்த நடத்தாத பரீட்சை சொன்னதைவிட அதிகமாக எந்தப் பரீட்சையும் சொல்லியிருக்க முடியாது.

இதை அமெரிக்காவிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பதுமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திரும்பப் படியுங்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் மாதவி அரங்கேறுகிறாள். ஆனால் காதை எடுத்தவுடனே அவளுக்கு மார்க் போடுவதில்லை. ஆடலாசான் எப்படிப்பட்டவன், இசையாசிரியனுக்கு என்ன தெரியும், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று ஆறு பேரின் தகுதியை முதலில் வரிசையாகச் சொல்கிறது. பிறகு அரங்கை அளக்கிறது: நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல். அளவுகோல் முதலில் வாத்தியார்மேல் விழுகிறது, அப்புறம் மேடைமேல், கடைசியில்தான் பெண்மேல். இதில் மயங்கிவிடவும் கூடாது. அந்தப் பரீட்சை எதில் முடிந்தது என்பதும் அதே காதையில் இருக்கிறது. தலைக்கோலோடு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்; அந்த விலைக்கு ஒரு மாலை; மாலையை வாங்குகிறவனுக்கு மாதவி. மதிப்பீடு மதிப்பாகவும் மதிப்பு விலையாகவும் ஆகிவிடுகிற அபாயம் நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழசு.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். கேள்வியின் திசை மாற வேண்டும். 'இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று கேட்பதற்கு முன்னால் 'இந்தப் பள்ளி என்ன சொல்லித்தந்தது, யார் சொல்லித்தந்தார், எத்தனை மணி நேரம், எந்தக் கருவியோடு' என்று கேட்டுப் பதிலைச் சுவரில் ஒட்ட வேண்டும். பதில் பூஜ்யம் என்றால் பிள்ளையிடம் கேட்க எந்த உரிமையும் கிடையாது. பம்பைக்கு நடுவராகப் பம்பைக்காரர் உட்கார வேண்டும். கூத்துக்குக் கூத்து வாத்தியார். சான்றிதழ் கேட்காமல், மற்ற நடுவருக்குத் தருகிற அதே பணத்தைக் கொடுத்து. பிள்ளை எதைக் கற்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். பம்பைக்காரர் மகன் பாடுவான், பாட்டு டீச்சர் மகள் பம்பை அடிப்பாள், அதைச் சொல்லித்தருகிற பொறுப்பு பள்ளிக்கு. வரிசை எண் வேண்டாம். ஜூனில் எங்கே நின்றான், மார்ச்சில் எங்கே வந்திருக்கிறான் என்று அவனுக்கே தெரிகிற மாதிரி ஒரு குறிப்பு போதும். இதெல்லாம் நடைமுறைக்கு வருமா என்று கேட்கிறவர்களுக்கு: வாரத்துக்கு மூன்று அரைநாள் வாத்தியாரைக் கொண்டு வராது. முழுநேர ஆசிரியர் பணியிடம் என்ற கோரிக்கையில் தொடங்காத எந்தக் கலைக்கல்விப் பேச்சும் வெறும் அழகியல்.

7

திருவாலங்காட்டில் பாடியவர் காரைக்காலம்மையார். அவர் தன்னைச் சொல்லிக்கொண்ட பெயர் பேய். ஒரே பாட்டில் ஏழு சுரங்களின் தமிழ்ப் பெயர்களையும், கொக்கரை, தக்கை, தமருகம், மொந்தை என்று பத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்களையும் அடுக்குகிறவர். அவருடைய இசை அறிவைச் சோதித்து யாரும் அவருக்குச் சான்றிதழ் தரவில்லை. அழகான பெண்ணாக இருந்திருந்தால் சபை கேட்டிருக்கும். உடலை உதறிவிட்டுப் பேயாக வந்ததால் சுடுகாட்டில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது. பார்த்ததை எழுதவும் முடிந்தது.

போட்டியில் தோற்ற காளிக்கு அங்கே தனிக் கோயில் இருக்கிறது. அவளைப் பார்த்துவிட்டுத்தான் ஜெயித்தவரைப் பார்க்கப் போக வேண்டும் என்பது அந்தத் தலத்து வழக்கம். தீர்ப்பை மாற்ற முடியாத ஜனங்கள் வரிசையை மாற்றி வைத்திருக்கிறார்கள். மறுமதிப்பீடு என்றால் எனக்கு இது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்தப் பையனை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் மார்க்கைப் பற்றிப் பேசமாட்டேன். அன்றைக்குப் பாட நினைத்த பாட்டு எது என்று கேட்பேன்.